விபூதிப் பட்டையில் விழுந்த கோடு

மலாய் நாட்டுக் கிள்ளானுக்கு வாழ வந்த புதிதில் என்னை மிரட்டிய சொல் ஒன்று உண்டு. ‘நோ புரோப்ளம்.’ கடையில் கறிவேப்பிலை கேட்டால் நோ புரோப்ளம். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, நோ புரோப்ளம் அக்கா. இன்று காலையில்கூட, பார்சல் கொண்டுவந்த மலாய்க்காரர் பெட்டியை என் கையில் வைத்துவிட்டு அதையே சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிப் போனார். எந்தப் பிரச்சினை இல்லை? பெட்டி கீழே விழுந்ததா? ஈரமாகிவிட்டதா? வாசலிலேயே பிரித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அரை மணி நேரம் மனசு ஆறவில்லை. எங்கள் திருச்செங்கோட்டில் ஒருவர் தானாக வந்து ‘ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க’ என்றால், பிரச்சினை கிளம்பிவிட்டது, பாதி வழியில் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இதை இங்கே யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

எங்களுடையது லாரி வீடு. அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு லாரி, அதை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார்கள், விற்கிறவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து, கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்க்கும் முரளியைக் கட்டிக்கொண்டு வந்தேன். இவருடைய கொள்ளுத்தாத்தா காலத்திலேயே கேரி தீவுத் தோட்டத்துக்கு வந்துவிட்ட குடும்பம். இவர்களுக்கு ‘ஊர்’ என்றால் இந்தியா. அதனால் நான் ‘ஊர்க்கார அண்ணி’. என் மகள் இனியா இடைநிலைப் பள்ளிக்கே போய்விட்டாள், நான் இன்னும் ஊர்க்கார அண்ணிதான். அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் நான் எதற்காவது சந்தேகப்பட்டால் போதும், ‘அண்ணி ஊர்ல இருந்து வந்தவங்கல்ல, அப்படித்தான் லா’ என்று, இங்கே எதற்கும் ஒட்டுகிற அந்த ‘லா’வோடு, ஒரே வரியில் என்னை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனி காரவன் கதைக்கு வருகிறேன். காரவன் என்றால் காரின் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சக்கரம் வைத்த வீடு. கட்டில், அடுப்பு, சின்னத் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். என் கொழுந்தன் சரவணனுக்குப் பழைய வண்டிகளை வாங்கி விற்கிற தொழில். யாரோ ஒரு வெள்ளைக்காரர் எப்போதோ கொண்டுவந்து, பிறகு ஒரு டுரியான் பழத் தோட்டத்தில் காவல் வீடாகக் கிடந்த காரவனை அவர் வாங்கி, பெயிண்ட் அடித்து, எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ‘அண்ணே, வெள்ளைக்காரன் சாமான், கல்லு மாதிரி இருக்கு. நோ புரோப்ளம் லா.’ இவர் வாயெல்லாம் பல்லாக நின்றார். இனியா உள்ளே ஓடிப்போய்க் கட்டிலில் குதித்தாள். நான் போனில் அம்மாவிடம், வாசலில் ஒரு சின்ன வீடு வந்து நிற்கிறது என்றேன். ‘அடிப்பாவி, மாப்பிள்ளை நல்லவருன்னு நெனச்சேனே’ என்று அம்மா அலறியதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

நான் முதலில் பார்த்தது அதன் முன்பக்கத்தைத்தான். இரண்டு இரும்புச் சட்டங்கள் இரண்டு பக்கமிருந்தும் வந்து ஒரு முனையில் சேரும். அந்த முனைதான் இவருடைய பிக்கப் வண்டியின் பின்னால் உள்ள இரும்புக் குண்டைக் கவ்விக்கொள்ளும். மொத்த வீட்டையும் இழுப்பது அந்தச் சட்டங்கள்தான். அவற்றில் இடப்பக்கச் சட்டத்தின் அடி விளிம்பில் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் இரும்பு வளையம் ஒட்டியிருந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம். ‘பாருங்க, வெள்ளைக்காரனே எலுமிச்சம்பழம் கட்ட எடம் வச்சிருக்கான்!’ என்று கைதட்டிச் சிரித்தேன். இவரும் சிரித்தார். சரவணனும் என்னவோ போலச் சிரித்தார். அன்றைக்கே ஒரு எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் கோத்து அந்த வளையத்தில் கட்டினேன். ஊரில் எந்த லாரியும் இது இல்லாமல் படி தாண்டாது. இங்கே பூசை நாளில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்குவதோடு சரி. அதன் பிறகு மோரிப் கடற்கரைக்குப் போனோம், போர்ட் டிக்சனுக்குப் பல தடவை போனோம். வெள்ளிக்கிழமை தவறாமல் பழம் மாற்றினேன்.

ஆயுத பூசை வந்தது. சட்டத்தில் ஒட்டியிருந்த கிரீஸும் ரோட்டுத் தாரும் போக, மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தேன். பிறகு காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, விபூதியைக் குழைத்து இரண்டு சட்டங்களிலும் மூன்று விரலால் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். சூடம் காட்டி, சுண்டல் கொடுத்து, பூசை நன்றாகவே நடந்தது. மறுநாள் காலையில் கோலம் போட வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வலப்பக்கம் பட்டை பளிச்சென்று இருந்தது. இடப்பக்கம், வெள்ளைப் பட்டைகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, தலைமுடி கனத்தில் ஒரு கருங்கோடு அடியிலிருந்து மேலே ஏறியிருந்தது.

முதலில் யாரோ பேனாவால் கிழித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எதிர்வீட்டு ஆன்டி மேல்கூட ஒரு நிமிடம் சந்தேகம் போனது, பொய் சொல்வானேன். துடைத்துவிட்டு மறுபடியும் விபூதி பூசினேன். சாயங்காலம் பார்த்தால் அதே இடத்தில் அதே கோடு. எங்கள் ஊர்ப் பட்டறையில் சேஸில், அதாவது லாரியின் அடிச்சட்டத்தில், விரிசல் பார்ப்பது இப்படித்தான். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மேலே சாக்பீஸ் தூளைப் பூசுவார்கள். இரும்பில் விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வந்து தூளில் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். நான் சாமிக்கு என்று பூசிய விபூதி அந்த வேலையைச் செய்துவிட்டது. தீபாவளி விடுமுறையில் கேமரன் மலைக்கு இந்தக் காரவனை இழுத்துக்கொண்டு போவதாகத் திட்டம். பிக்கப்பில் இவர், நான், இனியா. மலை ஏற்றத்தில் அந்தச் சட்டம் ஒடிந்தால் பின்னால் வருகிறவர்கள் கதி என்ன? இறக்கத்தில் ஒடிந்தால் அத்தனை கனமும் எங்கள் முதுகில்தான் வந்து மோதும்.

பயத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. புதுப் பெயிண்ட்! பழைய வண்டிக்கு எதற்கு அத்தனை தடிமனாகக் கறுப்புப் பெயிண்ட்? அப்பா ஒரு முறை தன் பெரியப்பா மகனிடம் பழைய லாரி ஒன்று வாங்கினார். பச்சைப் பெயிண்ட் கண்ணைப் பறித்தது. வெங்காய லோடோடு சங்ககிரிப் பக்கம் இறங்கும்போது சேஸ் தொய்ந்து வண்டி நடுரோட்டில் படுத்துவிட்டது. சுரண்டிப் பார்த்தால் பெயிண்டுக்குக் கீழே பழைய ஒட்டு. எனக்குத் தெரியவே தெரியாது என்று அந்தப் பெரியப்பா மகன் மலைக்கோயில் படியில் சத்தியம் பண்ணினார். அப்பா நம்பவில்லை. அன்று முறிந்த உறவு முறிந்ததுதான். என் கல்யாணப் பந்தியில் அவர்கள் வீட்டு ஆள் ஒருவர்கூட இல்லை. அவர் தெரிந்து விற்றாரா, தெரியாமல் விற்றாரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ரத்த உறவே அப்படி என்றால், நான் இந்த வீட்டுக்கு வந்தவள். கொழுந்தன் மேல் வாய் திறந்து ஒரு பழியைப் போட்டுவிட்டு, அது தப்பாகப் போனால் நான் எங்கே போய் நிற்பது? சரியாகப் போனாலும்தான் எங்கே போய் நிற்பது?

இவரிடம் காட்டினேன். குனிந்து பார்த்து, நகத்தால் கீறிவிட்டு நிமிர்ந்தார்.

‘பெயிண்ட் வெடிச்சிருக்கு லா. அவ்வளவுதான்.’

‘பெயிண்ட் வெடிச்சா எண்ணெய் எப்படிங்க கசியும்?’

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.’

தமிழ்ப் பள்ளியில் படித்த பழமொழியை என் மேலேயே எடுத்து வீசியதில் அவருக்கு ரொம்பத் திருப்தி. நான் உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

அந்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் சரவணன் எங்களுக்கு விருந்து வைத்தார். காரணமே சொல்லவில்லை. காரணம் இல்லாமல் ஒருவன் சோறு வாங்கிக் கொடுத்தால் எனக்குத் தொண்டையில் இறங்காது. இலையில் ரசம் ஊற்றும்போது அவராகவே ஆரம்பித்தார். ‘அண்ணே, கேமரன் வேணாம் லா. ரோடு ஒரே வளைவு. அண்ணிக்கு வேற வாந்தி வரும். போர்ட் டிக்சனே போயிடலாமே.’ நான் இவர் காலை மேசைக்கு அடியில் மிதித்தேன். ஏற்ற இறக்கம் இல்லாத சமதரை ரோடு கேட்கிறாரே! யாராவது கேட்டார்களா சரவணனிடம்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக அல்லவா இருக்கிறது! எனக்கு வாந்தி வரும் என்று இத்தனை வருஷம் இல்லாத அக்கறை இப்போது எங்கிருந்து வந்தது? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டொரு நாள் கழித்து மத்தியானத்தில் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கார் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் சரவணன். மணி அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. நேராகக் காரவனின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, இடப்பக்கச் சட்டத்தைத் தடவிப் பார்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது இதுதான். இனி எனக்கு வேறு சாட்சி வேண்டாம். கீழே இறங்கி வந்து, காரவனின் கவ்வுமுனையைப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய் அரிசி டின்னின் அடியில் புதைத்தேன்.

சனிக்கிழமை இவர் வீடு முழுக்கச் சாவியைத் தேடினார். பெட்டி பெட்டியாகக் கவிழ்த்துவிட்டு, கடைசியில் அடுப்படியில் வந்து நின்றார்.

‘நீதான எடுத்து வச்சிருக்க?’

‘ஆமா. அந்தக் கம்பியைச் சுரண்டிப் பார்க்காம இந்த வண்டி ஒரு அடி நகராது. என் பிள்ளை அதுக்கு முன்னாடி உட்காராது. நீங்க வேணும்னா உங்க தம்பியை உட்கார வச்சு இழுத்துட்டுப் போங்க.’

‘என் தம்பி என்னை ஏமாத்துவான்னு சொல்றியா?’

நான் திரும்பி அடுப்பைத் துடைத்தேன். அதுதான் பதில் என்று அவருக்கும் தெரிந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து இவர் என்னிடம் இப்படி முகம் சுருங்கி நின்றதில்லை. இனியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘ஒருத்தரக் கூப்பிட்டு செக் பண்ணிட்டா முடிஞ்சுச்சு, அதுக்கு ஏன் ரெண்டு பேரும் காடோ பண்றீங்க?’ என்றாள். காடோ என்றால் மலாயில் சண்டை. அவள் சொன்னதில் தப்பே இல்லை. இவர் போனை எடுத்துச் சரவணனுக்கே அடித்தார். ‘லோரி ஒண்ணு அனுப்பு. காரவனை ஏத்திட்டு பட்டறைக்குப் போகணும். நீயும் வா.’

பட்டறை காப்பார் ரோட்டில் இருந்தது. முதலாளியும் வெல்டரும் ஒருவரே, லிம் என்று ஒரு சீனர். இவருக்குப் பழக்கம். எனக்குப் பழக்கமில்லை, ஆகவே நம்பிக்கையும் இல்லை. எங்கள் ஊரில் வெல்டிங் நடக்கும்போது வண்டிக்காரன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே என்ன வைத்து மூடினான் என்று யார் கண்டது? நான் சட்டத்துக்கு அருகில் போய் நின்றேன். லிம் என்னைப் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலோரம் போட்டு, ‘ஆன்டி, டுடோக், டுடோக்’ என்று உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் எதுவும் தெரியவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து போட்டேன். அவர் அதை மறுபடியும் தூக்கிக்கொண்டுபோய் இன்னும் தள்ளிப் போட்டு, கையில் ஒரு ஐஸ் தேத்தண்ணியும் கொடுத்தார். ஓஹோ, இவனும் கூட்டா? சரவணன் முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டார் போல. மூன்றாவது தடவையும் நான் நாற்காலியோடு வந்து நின்றதும், லிம் பெருமூச்சு விட்டுத் தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, வெல்டிங் கண்ணாடி ஒன்றை எடுத்து என் முகத்தில் வைத்தார். வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடும் என்றுதான் அந்த மனுஷன் அத்தனை நேரமும் என்னைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்திருக்கிறார். கண்ணாடிக்குள்ளே என் முகம் போன போக்கை யாரும் பார்க்கவில்லை, நல்ல வேளை.

கிரைண்டரில் இரும்புப் பிரஷ் மாட்டிச் சட்டத்தைச் சுரண்டினார். கறுப்புப் பெயிண்ட் உரிந்து இரும்பு வெளுத்தது. கோடு இருந்தது. நான் நினைத்ததைவிட நீளமாக, அடி விளிம்பிலிருந்து சட்டத்தின் பாதி உயரம் வரை ஏறியிருந்தது. இவர் முகத்தில் ரத்தமே இல்லை. ‘இனியா...’ என்று மட்டும் சொன்னார். அந்தப் பேரைக் கேட்டதும் எனக்குள் கட்டி வைத்திருந்தது உடைந்துவிட்டது.

‘தெரிஞ்சேதான தம்பி வித்தீங்க? பெயிண்ட் அடிச்சு மூடித்தான குடுத்தீங்க? உங்க அண்ணன் பொண்ணு உட்கார்ந்து போற வண்டிங்க இது! யாருக்கும் தெரியாம வந்து போட்டோ எடுத்துட்டுப் போறீங்க. நான் மாடியில இருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன்.’

லிம்முக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் குரல் எந்த மொழிக்காரருக்கும் புரிகிற குரல். அவர் டார்ச்சை எடுத்து விரிசலுக்குள் அடித்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ‘ஓல்டு கிராக், உள்ள கறாட், பிளாக்.’ கறாட் என்றால் துரு. ‘திஸ் ஒன் நோ கறாட். ஷைனி. பெயிண்ட்டும் உள்ள போகல. நியூ கிராக், ஆன்டி. பெயிண்ட் அடிச்ச பிறகு வந்தது.’ பாதி மலாய், பாதி ஆங்கிலம், மீதி கை. நடுவில் இருக்கிற தமிழ் நான் மாற்றிச் சொல்வது. நான் பார்த்தேன். உள்ளே வெள்ளியாக மின்னியது. பழைய விரிசல் இப்படி மின்னாது, அது எனக்கே தெரியும். அப்புறம் அவர் விரலால் விரிசலின் அடியைப் பிடித்துக்கொண்டே இறங்கி, வளையத்தில் வந்து நிறுத்தினார். நான் கட்டிய எலுமிச்சம்பழம் அப்போதும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ‘ஸ்டார்ட் இங்கேர்ந்து. இந்த ரிங் யார் வெல்டிங் பண்ணது? இது ஃபேக்டரி ரிங் இல்ல.’ குலுங்கும்போதெல்லாம் அந்த அடி விளிம்புதான் அதிகமாக இழுபடும். அங்கே ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால், அந்தச் சூட்டில் இரும்பு கெட்டு, அங்கிருந்தே கிழிய ஆரம்பித்துவிடும். இவ்வளவையும் ஒரு தாளைக் கிழித்துக் காட்டியே விளக்கிவிட்டார்.

சரவணன் சுவரோரம் நின்றிருந்தார். மெதுவாகச் சொன்னார்.

‘அந்த ரிங் நான் போட்டது அண்ணி.’

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

‘நீங்கதான ஒருவாட்டி சொன்னீங்க. இந்த ஊர் வண்டியெல்லாம் மொட்டையா ஓடுது, ஒரு எலுமிச்சம்பழம் கட்ட எடமில்லன்னு. காரவன கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வெல்டிங்காரன்கிட்ட சொல்லி ஒட்டச் சொன்னேன். அண்ணி பார்த்தா சந்தோசப்படுவாங்கன்னு. நீங்க வெள்ளைக்காரன் வச்சதுன்னு சிரிச்சீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது? வெக்கமா போச்சு.’

‘சரி, கோடு விழுந்த பிறகாவது சொல்லியிருக்கலாமில்ல?’

‘அண்ணன் போன்ல பெயிண்ட் வெடிச்சிருக்குன்னு சொன்னாரு. மனசு கேக்கல. அதான் அன்னிக்குச் சாப்பிடும்போது போர்ட் டிக்சன் போலாம்னேன், அங்க ரோடு நேரா இருக்கும்ல. அப்புறம் வந்து பார்த்தா ரிங்லேர்ந்துதான் கிளம்புது. ஒட்டினவனுக்குப் போட்டோ அனுப்பினேன். நோ புரோப்ளம் பாஸ்னு சொல்லிட்டான். ஆனாலும் பயம் போகல...’ அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ‘நான் வாயத் திறந்து சொல்லியிருந்தா மட்டும் நீங்க நம்பியிருப்பீங்களா அண்ணி?’

நம்பியிருக்க மாட்டேன். சத்தியமாக நம்பியிருக்க மாட்டேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். கண் படக் கூடாது என்று கட்டிய பழத்துக்காகப் போட்ட வளையம், வண்டியையே பிளந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் இந்த நாட்டில் எனக்கென்று, எனக்கு மட்டுமென்று, ஒருவர் கேட்காமலே செய்து வைத்த பொருள் அது. அதை நான் வெள்ளைக்காரன் கணக்கில் எழுதிவிட்டு, செய்தவரைத் திருடன் கணக்கில் எழுதியிருக்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் போகவில்லை. பயந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது தப்புத்தானே? அதையும் சொன்னேன். ‘பயந்தா வாயத் திறந்து சொல்லோணும் தம்பி. பிள்ளை உசுரு இது.’ ‘ஆமா அண்ணி, தப்புத்தான்’ என்றார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டேன். இல்லை என்றார். இவர் அதுவரை இரண்டு பேருக்கும் நடுவில் நின்றவர், போய் எல்லோருக்கும் நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் வாங்கி வந்தார். லிம்முக்கும் சேர்த்துத்தான்.

லிம் வளையத்தை அறுத்து எடுத்து, அந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினார். விரிசல் மேற்கொண்டு ஓடாமல் இருக்க அதன் நுனியில் சின்ன ஓட்டை போட்டார். கோடு முழுவதையும் பள்ளமாகத் தோண்டி, அடியிலிருந்து நிரப்பி ஒட்டி, அதற்கு மேல் இரண்டு முனையும் கூராக வெட்டிய ஒரு தகடு வைத்து நீளவாக்கில் மட்டும் பற்றவைத்தார். குறுக்கே ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. வலப்பக்கத்தையும் சுரண்டிப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. எல்லாம் ஆறிய பிறகு நான் மண்ணெண்ணெய் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். தடவி, துடைத்து, சாக்பீஸ் தூள் பூசிக் காத்திருந்தேன். நான் பார்க்கும் வரை யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. வேறு எங்காவது ஒரு வளையம் ஒட்ட முடியுமா என்று சரவணன் கேட்டதற்கு, லிம் கையிலிருந்த சுத்தியலை ஆட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அரிசி டின்னிலிருந்து சாவி வெளியே வந்தது. தீபாவளிக்கு அடுத்த நாளே கேமரன் மலைக்குக் கிளம்பினோம். சரவணன் தன் காரில் பின்னாலேயே வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை, வர வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. சிம்பாங் பூலாயைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினோம். முன்சீட்டில் இனியா தன் தோழிகளுக்கு மலாயில் குரல் செய்தி அனுப்பிக்கொண்டு வந்தாள். நான் பின்சீட்டில் திரும்பி முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணாடி வழியாகக் காரவனையே பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லோரும் மலையைப் பார்த்துப் போனார்கள், நான் மட்டும் வந்த வழியைப் பார்த்துக்கொண்டே மலை ஏறினேன்.

பாதி மலையில் அவித்த சோளம் விற்கிற கடை ஒன்றின் அருகே நிறுத்தினோம். இனியாவும் இவரும் கடைக்குப் போனார்கள். நான் இறங்கி நேராகச் சட்டத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் சரவணன் அங்கே இருந்தார். அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம், இரண்டு பேரும் ஈர ரோட்டில் முட்டி போட்டுக் கீழே பார்த்தோம். இரும்புக்கு அடியில் அவர் முகம் தெரிந்தது.

‘இந்தப் பக்கம் ஓகே அண்ணி. நல்லா இருக்கு.’

‘இங்கயும் நல்லா இருக்குங்க தம்பி.’

எழுந்தேன். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, எதற்கும் அவர் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சுற்றிப் போனேன். பாதி வழியில், அவர் என் பக்கத்தைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்.